ஏழாவது தூதுவர்

சர்வேயர் சுட்டது ஆறு தூதுவர்களை. பட்டியலில் ஏழு என்று இருந்தது.

மத்தியானம் மூன்று மணி. வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று ஜன்னல் துணியை இழுத்துவிட்டு, மாவுக்கட்டு போட்ட வலது காலை ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு, ஆறாவது கோட்டையைப் பிடித்த சந்தோஷத்தில் செத்தவர்கள் பட்டியலைக் கம்ப்யூட்டரில் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார். காலாட்படை சரி, குதிரைப்படை சரி, ஊர்மக்களும் சரி. தூதுவர்: ஏழு. எண்ணத் தெரியாதவன் எவனோ செய்த கேம் என்று சிரித்துக்கொண்டார். இருபது வருஷம் அளவு நாடாவோடு வெயிலில் நின்றவருக்கு அடுத்தவன் எண்ணிக்கை தப்பினால் ஒரு தனி சுகம்.

பள்ளத்தில் கால் தவறி எலும்பு முறிந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமும் இந்தப் போர்தான். பீரங்கிக் காலத்துப் படை ஒன்று குளிர்காலம் முடிவதற்குள் ஏழு கோட்டைகளைப் பிடிக்க வேண்டும். மொத்தம் நாற்பது டர்ன், அதாவது நாற்பது முறைதான் ஆடலாம். ஒன்று வீணானாலும் படை பனியில் விறைத்துச் சாகும். பின்னால் போய்த் தப்பைத் திருத்தவும் வழி கிடையாது. மனைவியின் தம்பி மூன்றாவது கோட்டையிலேயே கையைத் தூக்கிவிட்டான். சர்வேயர் விடாக்கண்டர். ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்.

ஒவ்வொரு கோட்டையும் விழும் முன்னால் வெள்ளைத் துணியோடு ஒரு ஆளை வாசலுக்கு அனுப்பும். பேச்சுவார்த்தையில் இரண்டு டர்ன் போய்விடும். அந்த ஆளைச் சுட்டுத் தள்ளினால் இரண்டும் மிச்சம். என்ன ஒன்று, அதற்கப்புறம் உள்ளே இருப்பவர்கள் சரணடைய மாட்டார்கள், கடைசி ஆள் வரை வெட்டித்தான் தீர்க்க வேண்டும். வெட்டினார். முதல் கோட்டையில் தூதுவன் குப்புற விழுந்ததும், வெள்ளைத் துணி நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிவந்ததும் இரண்டு நாள் கண்ணுக்குள்ளேயே நின்றன. ஆறாவதில் அவன் வாயைத் திறப்பதற்குள் சுட்டார். மதிலுக்கடியில் சுரங்கம் தோண்டுவது அவருக்குப் பிடித்த வேலை. மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால் வெடிமருந்து வைத்தாயிற்று என்று அர்த்தம். மதில் சரியும். கல்லுக்கடியில் பாதி நசுங்கிக் கத்துகிறவர்களை ஈட்டியால் குத்தி அடக்கிவிட்டு, பிணங்களைக் கிணற்றில் போட்டு நிரப்புவார்கள். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"வெள்ளைத் துணியோட வர்றவனையா மச்சான் சுடுறீங்க? எனக்கு மனசே வராது" என்று மனைவியின் தம்பி போனில் சொன்னபோது, அதனால்தான் நீ தோற்றாய் என்று இவர் பதில் சொன்னார்.

"என்ன தளபதி, இன்னிக்கு எத்தனை உசுரு?" பக்கத்து அறையிலிருந்து மனைவி கேட்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ். இன்று லீவு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் வைத்த அந்தப் பட்டப்பெயரைத்தான் கேமிலும் தன் பெயராகப் போட்டிருந்தார்.

"நாலாயிரம்தான்."

"ஒருத்தனைப் பொழைக்க வைக்க நாங்க அங்க நாயா அலையுறோம். நீங்க உக்காந்த இடத்துல நாலாயிரம் பேரை அனுப்பிடுறீங்க."

அவரும் சிரித்தார். மூன்று வாரமாகக் குளிப்பாட்டி, சோறு போட்டு, ராத்திரி வலிக்கும்போது தூங்காமல் உட்கார்ந்திருந்தவள். அவள் இல்லையென்றால் தனக்கு யாருமில்லை என்பது இந்த மூன்று வாரத்தில்தான் அவருக்கு உறைத்திருந்தது.

ஏழாவது கோட்டை திறந்தது. சின்னக் கோட்டை. வடக்கு மதில் ஓரிடத்தில் உள்வாங்கி, தென்மேற்கில் ஒரு கிணறு, மேற்கே இரண்டு பாகமாகத் திறக்கும் வாசல். இந்த அளவை எங்கேயோ எடுத்திருக்கிறோமே என்று யோசித்தார். எடுத்தது இந்த வீட்டைக் கட்டும்போது.

உள்ளே இருப்போர்: இரண்டு.

இந்த முறை அவர் வெளியே இல்லை, உள்ளே இருந்தார். மண்வெட்டிச் சத்தம் ஆரம்பித்தது. ஹெட்போனைக் கழற்றினார். சத்தம் நிற்கவில்லை. நிதானமாக, கூலிக்கு வேலை செய்கிறவர்களின் அவசரமில்லாத தாளத்தில், தரைக்கடியிலிருந்து வந்தது. ஸ்டூலின் கால் வழியாக ஏறி மாவுக்கட்டுக்குள் முறிந்த எலும்பைத் தட்டியது. ஈரமண் வாசனை அடித்தது, கூடவே தீக்குச்சி கிழித்த வாசனையும். மேஜைக்கடியில் ஒரு டைல்ஸ் விரிசல் விட்டது.

திரையில் இரண்டு கட்டளைகள். எதிர்த்து நில். தூது அனுப்பு.

காலை அசைக்க முடியாதவன் எங்கே எதிர்த்து நிற்பது? அவளையாவது விட்டுவிடட்டும். தூது அனுப்பு என்பதை அழுத்தினார்.

பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தது.

"வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க. பார்த்துட்டு வர்றேன்."

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. வெளியே நிற்கும் படையின் பெயரை அப்போதுதான் பார்த்தார்.

தளபதி.

அவருடைய படை. அவருடைய குறுக்கு வழி.

"போகாத! ஏய், போகாத!"

"கேமை நிறுத்திட்டுக் கத்துங்க. காது வலிக்குது."

ஊன்றுகோல் ஹாலில் இருந்தது. தரை துடைக்க அவள்தான் நகர்த்தி வைத்திருந்தாள். எழுந்தார். விழுந்தார். மாவுக்கட்டு தரையில் அடிபட்டு எலும்பு மறுபடி விலகியது. முழங்கையை ஊன்றி நகர்ந்தார். தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். இரண்டு கதவும் விரியும் சத்தம். வெயில் ஹால் வரை வந்து விழுந்தது.

வாசலில் நின்றாள். தெரு காலி. கையில் மடித்தும் மடிக்காத தலையணை உறை. வெள்ளை. வெயில் கண்ணில் அடித்ததோ என்னவோ, அதை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"அதைக் கீழ போடும்மா! கீழ போடு!"

திரும்பினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

வெடிச்சத்தம் ஒன்றே ஒன்று. தாடை இருந்த இடத்தில் தாடை இல்லை. முழங்கால் மடிந்து குப்புற விழுந்தாள். விரல்கள் கொஞ்ச நேரம் தரையைப் பிறாண்டின. அப்புறம் அதுவும் இல்லை. அவள் முகத்தடியில் சிக்கிய தலையணை உறை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிவந்தது.

அவர் அலறியது அவருக்கே கேட்கவில்லை. கேட்டதெல்லாம் தரைதான். கன்னத்துக்கு நேர் கீழே, ஒரு டைல்ஸ் கனத்துக்கு அந்தப் பக்கம், மண்வெட்டிகள்.

நின்றுவிட்டன.