கணமாறி

திரும்பும் கப்பலின் பட்டியலில் இளம்பரிதியின் பெயர் இல்லை. தமயந்தி தன் கணவன் பெயரைத் தேடி மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்துவிட்டாள். ஐம்பத்திரண்டு இருக்கைகள், முப்பத்தொரு பெயர்கள். செவ்வாயின் பனிச்சுரங்கத்திலிருந்து இதை விட்டால் அடுத்த கப்பல் இருபத்தாறு மாதம் கழித்துத்தான். பட்டியல் இன்று ஐந்தரைக்கு மூடப்படும். இப்போது மணி மூன்று பத்து.

"நேத்து அவ்வளவு சொன்னேன். இன்னும் பேரு குடுக்கலியே இந்த மனுஷன்!" என்றாள்.

தூத்துக்குடி குடும்ப உரையாடல் நிலையத்தில் அவளோடு வேலை பார்க்கும் ஜெபக்கனிக்கு அடுத்த மேசை. அவள் தலையைத் தூக்கினாள். "சொன்னது மேல போச்சான்னு பாத்தீங்களாக்கா?"

போகாமல் என்ன என்றுதான் தமயந்தி இருந்தாள்.

செவ்வாய்க்கு ஒரு சொல் போய்ச்சேரப் பதினெட்டு நிமிடம். 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டுவிட்டு முப்பத்தாறு நிமிடம் வாயை மூடிக் காத்திருக்க எந்தக் குடும்பத்துக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் வீட்டுக்கு வீடு ஒரு பதிலன் வந்துவிட்டது. சுரங்கத்தில் இருப்பவனின் குரலில், அவன் பாணியிலேயே பேசும் பொறி. மனைவி இங்கே கணவனின் பதிலனோடு பேசுவாள், கணவன் அங்கே மனைவியின் பதிலனோடு பேசுவான். பேச்சிலிருந்து பொறுக்கிய விவரத்தைப் பதிலன் மாறிகளில் போட்டு வைக்கும். நிலைமாறியில் போட்டது நிற்கும். மாலை நான்கு மணிக்கு எல்லாம் ஒரே கட்டாகச் செவ்வாய்க்கு, மேலே போகும். கணமாறியில் போட்டது அந்த ஒரு சுற்றுப் பேச்சு முடியும்வரைதான் உயிரோடிருக்கும். பிறகு யார் தேடினாலும் கிடைக்காது.

கோபத்தில் சொன்னதெல்லாம் கணமாறி என்று விதி எழுதியவளே தமயந்திதான். ஐந்து வருடங்களுக்கு முன் ஒருத்தி ஆத்திரத்தில் 'அங்கேயே கிடந்து சாவு' என்றாள். அது மேலே போய், அவள் கணவன் காற்றுக்குழாயை அடைத்துக்கொண்டு வெளியே பனியில் போய் உட்கார்ந்துவிட்டான். இழுத்து வந்து பிழைக்க வைத்தார்கள். மறுவாரமே இந்த விதி வந்தது. ஒரு சுற்றில் ஒரே ஒரு சொல் சுட்டாலும் சுற்று முழுவதும் கணமாறி. நிறுவனம் விழா எடுத்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. அன்றிலிருந்து சுரங்கத்துக்குப் போகும் வீட்டுச் செய்தியெல்லாம் இனிப்பாகவே இருந்தது.

தமயந்தி தன் வீட்டுக் கோப்பைத் திறந்தாள். நேற்றைய நிலைமாறிகள் மூன்று. உணவு: ஆயிற்று. உடல்நிலை: நலம். அவன் திரும்புவது பற்றிய விருப்பம்: வெற்று.

"ஒரு மணி நேரம் பேசினேன் ஜெபா! நாலு வருஷமா ஒத்தையில கெடக்கேன், நீ அங்க பனிக்கட்டியக் கட்டிக்கிட்டு அழு, ஒழுங்கா இந்தக் கப்பல்ல வந்து சேருன்னு தெளிவாச் சொன்னேன்."

"இதே குரல்லயா?"

"பின்ன எந்தக் குரல்ல?"

ஜெபக்கனி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்ப அது கணமாறியில போயிருக்கும்க்கா."

"அது கோபமில்ல. உரிமையா ஏசினேன்."

"பொறிக்கு ரெண்டும் ஒண்ணுதான. நீங்கதான அப்படி எழுதுனீங்க."

தமயந்திக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரார் வீட்டுச் சண்டைக்கெல்லாம் விதி எழுதியபோது அவை சண்டையாகத்தான் தெரிந்தன. தன் வீட்டில் நடந்ததை அவள் அந்தக் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

தன் வீட்டுப் பதிலனின் இணைப்பை மேசைத் திரைக்கு இழுத்துக்கொண்டாள். நிலைமாறியைக் கையால் திருத்த முடியாது, முத்திரை போட்டது. குரலில்தான் சொல்லியாக வேண்டும். மணி மூன்று இருபத்தைந்து.

"வந்துருங்க" என்றாள்.

"ஏன், என்ன விஷயம்?" என்று கேட்டது பதிலன், அச்சு அசலாக இளம்பரிதி மாதிரியே, ஒன்றும் தெரியாத பிள்ளையாக.

"என்ன விஷயமா? கட்டின பொண்டாட்டி கூப்பிட்டா விஷயம் கேப்பியா நீ?"

கணமாறி என்று திரையில் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இரண்டாம் முறை பாதியில் அழுகை வந்தது, அழுகையோடு ஏச்சும் வந்தது. கணமாறி. எழுந்து சன்னலோரம் நடந்தாள், திரும்பி வந்தாள், நாற்காலியைத் தள்ளினாள், மறுபடி இழுத்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் 'எனக்கு நீ வேண்டும்' என்பதை அவள் ஒருநாளும் சத்தம் போடாமல் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று நாற்பத்தெட்டு. கண்ணை மூடி, பல்லைக் கடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பதிலன் கேட்டது: "சரி, இந்தக் கப்பல்ல வரட்டுமா? இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டுமா?"

"உங்க இஷ்டம்" என்றாள் மெதுவாக.

நிலைமாறியில் ஏறிவிட்டது. விருப்பம்: உங்கள் இஷ்டம்.

"ஐயோ அக்கா!" என்று ஜெபக்கனி எழுந்தே விட்டாள்.

தமயந்தி பதிலனை ஓரம் தள்ளினாள். விதியேட்டைத் திறந்து, தான் எழுதிய விதியைத் தேடிப் பிடித்தாள். அதை ஒரு வீட்டுக்கு மட்டும் நிறுத்த வழியில்லை. நிறுத்தினால் எல்லா வீட்டுக்கும் நிற்கும்.

"அந்த மனுஷன் வெளிய போய் உக்காந்தது மறந்துபோச்சா?" ஜெபக்கனி அவள் கையைப் பிடித்தாள். "இப்ப எத்தனை வீடு பேசிக்கிட்டு இருக்குன்னு பாருங்க. நாலு மணிக்கு முன்னாலதான் நெரிசலே."

"மறக்கல. கைய விடு."

விதியை நீக்கினாள். பிறகு பதிலன் பக்கம் திரும்பி, வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லி ஏசினாள். அதில் வந்துரு என்ற சொல் மட்டும் ஒன்பது தடவை இருந்தது. எல்லாம் நிலைமாறியில் ஏறியது. நான்கு மணிக்குக் கட்டு கிளம்பியது. அந்தச் சில நிமிடங்களில் அறுநூற்றுச் சொச்சம் வீடுகள் பேசியதும், விதி நீங்கிய ஏடும் அதிலேயே போயின. அங்கிருக்கும் பதிலன்களுக்கும் இனி அந்த விதி இல்லை.

அடுத்த பதினெட்டு நிமிடம் அவள் உட்காரவில்லை. பட்டியலைக்கூடப் பார்க்கவில்லை. மேலே யாராவது காற்றுக்குழாயை அடைத்தால் இங்கே ஒலிக்கும் எச்சரிக்கை மணியையே பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நான்கு பதினெட்டு ஆனது. செவ்வாயிலிருந்து தகவல் வந்துசேர இன்னொரு பதினெட்டு நிமிடம். ஐந்து மணியும் ஆனது. மணி அடிக்கவில்லை. யாரும் வெளியே போகவில்லை. தமயந்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அக்கா, பட்டியலப் பாருங்க" என்றாள் ஜெபக்கனி. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஐம்பத்திரண்டு இருக்கைகளும் நிரம்பியிருந்தன. கீழே காத்திருப்போர் வரிசை, திரையைத் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருந்தது. துளைப்பவர்கள், குழாய் வேலைக்காரர்கள், சமையல்காரர், மேற்பார்வையாளர் இரண்டு பேர். வருடக்கணக்காக 'நலம், உங்கள் இஷ்டம்' என்று மட்டுமே வீட்டிலிருந்து கேட்டிருந்தவர்கள். தமயந்தி தன் கணவன் பெயரைத் தேடினாள். முந்நூற்றுப் பதினான்காவதாக இருந்தது.

ஆறு மணிக்கு அங்கிருந்து கட்டு வந்தது. பதிலனில் இளம்பரிதியின் குரல் நான்கு வருடத்தில் முதல்முறையாகச் சூட்டோடு வந்தது.

"ஏட்டி, துளைப்பானை அப்படியே போட்டுட்டு ஓடுனேன். எனக்கு முன்னால முந்நூறு பேரு ஓடிட்டானுவ, அத்தன பேரும் பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்குனவன். நேத்து வரைக்கும் பாதி இருக்கை காலியாக் கெடந்துச்சு. நீ ஒரு வார்த்தை ஏசலியேன்னுதான் நான் பேரு குடுக்கல. உனக்கு நான் வேண்டாம்னு நினைச்சுட்டேன்டி. இத நேத்தே ஏசித் தொலைச்சிருக்கக் கூடாதா?"