குளிருக்குக் கட்டிய வீடு

தலைக்கு மேலே, பரணில், தடாலென்று ஏதோ விழுந்தது.

வைரவன் சாவியோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பூனையா இருக்கும்ணே," என்றான் வாட்ச்மேன் கௌஸ் முகம்மது. "அர்பாப் ஆள் அனுப்பிப் பொறியெல்லாம் வச்சுப் பார்த்தாரு. மாஃபி, ஒண்ணும் சிக்கல. மத்தியானம் மட்டும் டூட்டிக்கு வருது."

சிரித்தான். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

நாகவள்ளி தாழ்வான நிலைவாசலில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தாள். விசிட் விசாவில் துபாய்ப் பக்கத்து ராஸ் அல் கைமாவுக்கு வந்ததிலிருந்து புருஷன் வைரவனிடம் அவள் கேட்டது ஒன்றுதான். போன ஆகஸ்டில் இறந்துபோன தன் தம்பி பாஸ்கர், கடைசியாக வேலை பார்த்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

முதலாளியான அர்பாப் இங்கிலாந்தில் படித்தவர். அங்கே கிராமத்தில் தான் தங்கியிருந்த நானூறு வருடத்துப் பழைய வீட்டை அச்சு அசலாகத் தன் தோட்டத்தில் கட்டச் சொல்லியிருந்தார். கனத்த சுவர், உள்ளங்கை அகலக் கண்ணாடிகள் பதித்த ஜன்னல், ஆள் நுழையும் அளவுக்குக் குளிர்காயும் அடுப்பு, நடுவில் தொய்ந்த கறுப்பு உத்தரம், கப்பலில் வந்த நாணலால் வேய்ந்த கூரை. ரசமட்டம் வைத்தே பழகிய கொத்தனார்கள் சுவரை வேண்டுமென்றே கோணலாக எழுப்பிவிட்டு ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள்.

பாஸ்கர் மட்டும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இது குளிருக்குக் கட்டிய வீடு, உள்ளே போன சூடு வெளியே வராது என்றான்.

மதிய வெயிலில் வேலை செய்யக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டு, செக்கிங்குக்கு ஆளும் அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. கூரை முடியவில்லை. அர்பாப் அவசரப்படுத்தினார். சூப்பர்வைசரான வைரவன் மற்றவர்களை ரூமுக்கு அனுப்பிவிட்டு, பாஸ்கரை மட்டும் பரணில் நாணல் கட்ட ஏற்றினார். சொந்த மச்சினன், வெளியே சொல்ல மாட்டான்.

சாயங்காலம் அவர்தான் உடம்பைக் கீழே இறக்கினார். வேப்பமர நிழலில் கிடத்தினார். சாப்பிட்டுவிட்டு நிழலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று ஊருக்குப் போன் செய்தார்.

இடையில் நடந்ததைத் தனக்குள்ளேகூட அவர் சொல்லிப் பார்த்ததில்லை.

"போதும், வா. கிளம்பலாம்," என்றார் இப்போது.

நாகவள்ளி நகரவில்லை. பரணின் சதுரத் துவாரத்துக்கு நேர்கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். ஜனவரி மாதம். ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் அனல் இறங்கியது. காய்ந்த நாணல் வாசனையோடு ஆள் வாசனையும் கலந்து வந்தது.

ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புங்க," என்றாள் மெதுவாக. "வேர்வை."

வைரவன் ஓரடி பின்வாங்கினார்.

"நெழல்ல படுத்திருந்தான்னுதானே சொன்னீங்க?"

வைரவன் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள்.

மேலே ஏதோ பலகையில் ஊர்ந்தது.

துவாரத்தை நோக்கி வந்தது.

நாணல் தூசி பொலபொலவென்று உதிர்ந்தது. வாயைத் திறந்து வாங்குகிற மூச்சு, வறண்டு, இழுத்து இழுத்துக் கேட்டது.

நாகவள்ளிக்கு அந்த மூச்சு தெரியும். சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறாள்.

"பாஸ்கரு?" என்றாள்.

மூச்சு நின்றது.

பிறகு இருட்டுக்குள்ளிருந்து, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல, ரகசியமாக ஒரு குரல் வந்தது.

"மச்சான்... செக்கிங் ஆளுங்க போயாச்சா? எடுத்த ஏணிய வைங்க, எறங்கிக்கிறேன்."