கிணற்றில் கிடைத்த வளைந்த கல்

ஆறாம் வகுப்பில் எரிமலைக்குப் பஞ்சமே இல்லை. அறிவியல் கண்காட்சிக்கு யாரைக் கேட்டாலும் எரிமலைதான். களிமண் எரிமலை, காகிதக்கூழ் எரிமலை, தேங்காய்ச் சிரட்டைக்குள் ஒரு குட்டி எரிமலை. சோடா உப்பும் வினிகரும் பொங்கிப் பொங்கி வகுப்பே ஊறுகாய் வாடை அடித்தது. அபிலாஷின் எரிமலை யாரையும் கேட்காமல் முன்கூட்டியே பொங்கி, அவன் சட்டையைச் சிவப்பாக்கிவிட்டது.

பிரபின் மட்டும் ஒரு கல்லைக் கொண்டு வந்தான்.

பிரபின் இந்த வருடம்தான் இந்தப் பள்ளியில் சேர்ந்தவன். அவன் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். மறுநாள் நடக்கவிருந்த கண்காட்சியில் அவனும் நந்தனாவும் ஒரே குழு. பைக்குள்ளிருந்து இரண்டு கையாலும் கல்லைத் தூக்கி மேசையில் வைத்தான்.

நந்தனா அசந்துபோனாள். கல் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். ஒன்றுகூட நேர்கோடு இல்லை. ஏறி, இறங்கி, மடங்கித் திரும்பி, அலை அலையாக ஓடின. நடுநடுவே மாதுளை முத்து போலச் சிவப்புப் புள்ளிகள்.

"வீட்டுல கெணறு தோண்டும்போ அடியில இருந்து வந்தது. கல்லு வளைஞ்சிருக்கு, பாத்தியா?" என்றான் பிரபின். அவன் இவ்வளவு பேசியதே அன்றுதான்.

அபிலாஷ் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஏலே, கல்லு எங்கயாவது வளையுமா? பெயின்ட் அடிச்சுக் கொண்டு வந்திருக்கான்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அஸ்வதி டீச்சர் மேசையைத் தட்டி எல்லோரையும் அடக்கினார்.

"பாறை வளையும்னு நானும் படிச்சிருக்கேன். ஆனா கண்காட்சிக்கு வாறவங்க எப்பிடின்னு கேப்பாங்க. அதை நீங்க காட்டணும். நானும் இன்னைக்கு நல்லா படிச்சிட்டு வாறேன்."

சாயங்காலம் மணி அடித்ததும் பிரபின் அந்தக் கல்லைச் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் போட்டுவிட்டு நடையைக் கட்டினான். நந்தனா ஓடிப்போய் மறித்தாள்.

"ஏன் இதைப் போட்டுட்டுப் போற?"

"எனக்கு வேண்டாம். இனி நான் ஒண்ணும் கொண்டு வரமாட்டேன். ஒண்ணும் பேசவும் மாட்டேன்."

நந்தனாவுக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னவன் பொய்யன் ஆகிவிட்டானே! இப்போது விட்டால் இவன் வருடம் முழுக்க வாயே திறக்க மாட்டான். கண்காட்சியோ நாளைக்கு. அவள் கல்லைத் தூக்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

நந்தனாவின் அப்பாவுக்குத் திருவட்டாறு பக்கம் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. ரப்பர் பாலைக் கட்டியாக்கி, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புகைப்புரையில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டிக் காய வைப்பார். கல் வளைவதை இதை வைத்துக் காட்டலாமே என்று அவள் ஒரு ஷீட்டை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து நெருக்கினாள். அழகாக வளைந்தது. கையை விட்டதும் நிமிர்ந்துகொண்டது.

"நிமிர்ந்துட்டா பின்ன என்ன பிரயோசனம்?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் புகைப்புரைக்குள்ளிருந்து அப்பாவின் புலம்பல் கேட்டது. "அட பாவமே, இதை நான் மறந்தே போனேனே!"

மழை தொடங்கிய நாளில் அவசர அவசரமாகக் கொஞ்சம் ஷீட்டை அடுக்கி மூலையில் திணித்து, மேலே பெரிய விறகுக்கட்டையை வைத்தவர், அப்படியே மறந்துவிட்டார். தீயின் சூட்டிலும் கட்டையின் பாரத்திலும் அத்தனையும் மடங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"இது இனி நிமிராதா அப்பா?"

"நிமிராது மக்கா. சூட்டுல இத்தனை நாள் நெருங்கிக் கெடந்திருக்குல்லா? எல்லாம் வேஸ்ட்."

"வேஸ்ட் இல்லப்பா. இதைக் குறுக்கால வெட்டித் தாங்க."

அப்பா கத்தியைத் தண்ணீரில் நனைத்து வெட்டினார். வெட்டிய முகத்தில் இளம் நிறமும் புகை நிறமுமாக அலை அலையாகக் கோடுகள்! நந்தனா கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் உடன்பிறந்தவை போலவே இருந்தன.

மறுநாள் கண்காட்சியில் இரண்டையும் ஒரே மேசையில் வைத்தாள். பிரபின் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றான். அபிலாஷ் வந்தான். ரப்பரைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தான். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"செரி, இது ரப்பர். புகைப்புரையில சூடு இருக்கு. கல்லுக்கு ஏது சூடு?" என்று கேட்டான்.

"பூமிக்கு அடியில," என்றாள் நந்தனா. "நெருப்புக் குழம்பு ஆறினா தீப்பாறை. மணலும் சேறும் படிஞ்சு இறுகினா படிவுப்பாறை. அதெல்லாம் ஆழத்துல வெந்து நசுங்கினா வேற பாறையா மாறிரும். அதுதான் உருமாறிய பாறை."

"எவ்வளவு ஆழம்?"

அதற்கு அஸ்வதி டீச்சர் பதில் சொன்னார். ராத்திரி நிஜமாகவே படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"இங்க இருந்து நாகர்கோவில் போற தூரம் இருக்குல்லா? ஏறக்குறைய அவ்வளவு தூரம், முப்பது கிலோமீட்டர் கிட்ட, நேரா கீழ போகணும். ஐம்பது கோடி வருஷத்துக்கும் முந்தி நம்ம ஊர், இலங்கை, மடகாஸ்கர் எல்லாம் ஒண்ணா ஒட்டி இருந்த நிலம். நிலமும் நிலமும் முட்டி நெருக்கினதுல இந்தக் கல்லு உருகாமலே மெதுமெதுவா வளைஞ்சது. அந்தச் சூட்டுலதான் இந்தச் சிவப்புப் புள்ளியும் பிறந்தது, கார்னெட்டுன்னு ஒரு மணிக்கல்லு. மேல நின்ன மலையெல்லாம் மழையிலயும் காத்துலயும் கரைஞ்சு போய், இது மெல்ல மெல்ல மேல வந்திருக்கு."

எரிமலைகளைப் பொங்க வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து சூழ்ந்துகொண்டார்கள். அபிலாஷ் ஒரு விரலால் கல்லை மெதுவாகத் தடவினான்.

"பிரபின், நான் அப்பிடிச் சொன்னது தப்புதான். கெணத்துல இன்னும் இது மாதிரி இருக்கா? எனக்குக் காட்டுவியா?"

பிரபின் நந்தனாவைப் பார்த்தான். பிறகு சரி என்று தலையை ஆட்டினான்.

சனிக்கிழமை மதியம் மூவரும் கிணற்றடியில் நின்றார்கள். "கைப்பிடிச் சுவரைப் பிடிச்சிட்டு நின்னு பாருங்க மக்களே," என்று பிரபினின் அம்மா ஜெபகுமாரியும் கூடவே நின்றார். உச்சி வெயில் நேராகக் கிணற்றுக்குள் இறங்கியது.

மேலே கொஞ்சம் செம்மண். அதற்குக் கீழே கிணற்றைச் சுற்றிலும் ஒரே பாறை. மழையில் நனைந்த அந்தப் பாறை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக அலைகள் சுழன்று சுழன்று இறங்கின. கார்னெட்டுகள் வெயிலில் மினுங்கின.

நந்தனா எட்டிப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். இந்தப் பாறை இந்தக் கிணற்றோடு நின்றுவிடுமா என்ன? தன் வீட்டுக்கு அடியில், பள்ளிக்கு அடியில், பஸ் போகிற ரோட்டுக்கு அடியிலும் இதுபோலத்தானே இருக்கும்! இத்தனை நாள் இதன்மேல்தான் ஓடி விளையாடியிருக்கிறோம் என்று நினைத்ததும் காலை எடுத்து வைக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அம்மாடி!" என்றான் அபிலாஷ்.

"அங்க பாரு, அந்த வெள்ளைக் கோடு ரெண்டா மடங்கித் திரும்புது," என்று பிரபின் கை நீட்டினான். "அதுக்குக் கீழ பாத்தியா, கார்னெட்டு கூட்டமா இருக்கு. அந்த இடத்துலதான் எனக்கக் கல்லு கெடைச்சது. நந்தனா, நீ இந்தப் பக்கம் வந்து பாரு, இன்னும் நல்லா தெரியும்..."

ஜெபகுமாரி சாப்பிடக் கூப்பிட்டார். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். பிரபின் பேச்சை நிறுத்துவதாகவே இல்லை.