நாலாவது கட்டில்

அபிசாய் கடலில் விழுந்ததற்குக் கடலைக் குறை சொல்ல முடியாது. "பொறுங்க, பலகை போடறேன்" என்று படகோட்டி தொண்டை வலிக்கக் கத்தினான். ஆனால் கரையில் ஊரே திரண்டு நிற்கும்போது, புதிதாக வரும் நர்ஸ் பலகையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி இறங்குவதா? ரக்பி ஆடிய காலம் ஞாபகம் வந்தது, தாவினார். அந்தக் காலத்துக்குப் பிறகு ஐம்பது வயதும் ஒரு தொப்பையும் சேர்ந்துவிட்டது ஞாபகம் வந்தபோது, அவர் பாதி ஆகாயத்தில் இருந்தார்.

முழங்கால் பாறையில் உரசியதோடு போயிற்று. கையில் இருந்த யங்கோனா வேர்க்கட்டு மட்டும் அலையில் ஆடி ஆடி, பவளத்திட்டைத் தாண்டிப் போய்விட்டது.

இடித்துக் கரைத்துக் குடித்தால் கிறங்க வைக்கிற வேர். போகக்கூடாத பொருள் அது. வெளியாள் எவராக இருந்தாலும் அந்தக் கட்டை ஊர்த் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்ட பிறகுதான் ஊருக்குள் நடமாடலாம். அனுமதி கேட்பது உயிரோடு இருப்பவர்களிடம் மட்டுமல்ல.

தலைவர் சகேயாசி, அந்த வெயிலிலும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். இந்தத் தீவுக்காரர்களுக்கும் அபிசாயின் ஊர்க்காரர்களுக்கும் முன்னோர் காலத்து மச்சான் முறை. கேலிக்கு வரம்பு கிடையாது.

"என்ன மச்சான், குளிச்சுட்டே வந்துட்டே! உங்க ஊர்ல கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் குளிப்பாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"உங்க மீனுங்களைப் பாருங்க மச்சான். அவ்வளவு யங்கோனாவையும் குடிச்சிருச்சு. இனி ஒரு வாரத்துக்குத் தூண்டிலைப் பார்த்துக் கொட்டாவிதான் விடும்."

கரை முழுக்கச் சிரித்தது.

"கவலைப்படாதீங்க, அடுத்த படகுல வேற கட்டு வரும்" என்றார் அபிசாய்.

சிரிப்பு அறுந்தது. யாரோ ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். சகேயாசி மலைச்சரிவில் தனியாக நின்ற மருத்துவ நிலையத்தின் தகரக் கூரையை ஒரு தடவை பார்த்தார்.

"எங்களுக்கு வராட்டி பரவாயில்ல மச்சான். அங்க கேக்காம நுழையறியே, அதான்."

அந்த நேரத்தில்தான் உலமிலா கேட்டாள். நர்ஸ் இல்லாத காலத்தில் நிலையத்தின் சாவியை வைத்திருந்தவள் அவள். "எத்தனை நாளைக்கு அண்ணே வந்திருக்கீங்க?"

அடுத்த படகு வரைக்கும் என்பதுதான் பதில். பெட்டியின் அடியில் ஆஸ்திரேலியாவுக்கு விமானச் சீட்டு இருந்தது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பதவியில் ஒரு படி கீழே, சம்பளத்தில் ஒரு மலை மேலே. கூடப் படித்தவர்கள் பாதிப்பேர் ஏற்கெனவே அங்கேதான் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நனைந்த கோழி மாதிரி நிற்கிற மனிதனுக்கு உண்மை வாயில் வராது, கோமாளித்தனம்தான் வரும்.

"நீங்களா துரத்தற வரைக்கும்!"

கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். பெண்கள் அழுதார்கள். ஒருத்தி அவர் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திருத்திச் சொல்ல அதுதான் நேரம். அபிசாய் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

*

நிலையம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததாகச் சொன்னார்கள். பூட்டிக் கிடந்த இடத்தில் பூஞ்சை வாடை அடிக்க வேண்டும். கதவைத் திறந்ததும் கிருமிநாசினி வாடை அடித்தது. அப்போதுதான் யாரோ தரையைத் துடைத்துவிட்டு வாளியை உள்ளே எடுத்துப் போனது போல.

மூன்று கட்டில்கள். விரிப்புகளின் மூலைகள் கத்தியால் வெட்டியது மாதிரி மடிக்கப்பட்டிருந்தன. பயிற்சிப் பள்ளியில் பழைய சிஸ்டர்கள் அடித்துக் கற்றுக்கொடுத்த மடிப்பு. அபிசாய்க்கே இப்போது அது வராது.

"நீங்களா விரிச்சீங்க?"

உலமிலா சுவரோரம் இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, "சிஸ்டர், ஆள் வந்தாச்சு" என்றாள் மெல்ல.

"யாரு சிஸ்டர்?"

"சிஸ்டர் லோசலினி. அந்த நாற்காலியில உக்காராதீங்க."

புயல் மாதத்தில் ஊர் முழுக்க விஷக் காய்ச்சல் வந்ததாம். லோசலினிக்கும் வந்ததாம். மாற்றுக்கு ஆள் கேட்டு வானொலியில் கெஞ்சினார்கள். அடுத்த படகில் வரும் என்று பதில் வந்தது. அதற்கடுத்த வாரமும் அதே பதில். படுத்துக்கொள்ளச் சொன்னால் அவள் கேட்கவில்லை. பொறுப்பை வாங்கிக்கொள்ள ஆள் வராமல் எப்படிப் படுப்பது? நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். கட்டிலில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள்.

"அப்புறம் வந்த நர்சுங்க?"

"ஒரு படகுல வந்து அடுத்த படகுல போனாங்க" என்றாள் உலமிலா. "நீங்க இருப்பீங்கன்னு சொன்னதும் என் வீட்டுக்காரர் உங்களுக்காக மரவள்ளி நடப் போயிட்டாரு. விளையறதுக்கு நீங்கதான் காத்திருக்கணும்."

அவள் போட்டுக் கொடுத்த எலுமிச்சை இலைத் தேநீர் திடீரென்று குடிக்க முடியாத சூடாக இருந்தது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, பேச்சை மாற்றுகிற சாக்கில் கேட்டார். பல வருஷமாகக் கேட்க நினைத்த கேள்விதான்.

"உலமிலா, இந்த நர்ஸ் வேலை... இதுக்கு வந்தது சரியா? திரும்பிப் பார்த்தா பிரயோஜனம் இருக்கா?"

"கர்த்தர் பார்த்துப்பாருண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். முப்பது வருஷமாக எல்லோரும் அவருக்குச் சொன்ன பதில் அதுதான்.

மழை பிடித்துக்கொண்டது. புயலுக்குப் பயந்து ஜன்னல்களில் பலகை அடித்திருந்ததால் மத்தியானமே இருட்டு. கூரைத் தகரத்தின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. மரத்தரையில் ரப்பர் காலணி. கஞ்சி போட்ட துணியின் உரசல்.

அது முதல் கட்டிலருகே நின்றது.

"முதல் கட்டில்" என்றது ஒரு பெண் குரல். களைத்த குரல், வேலை முடிகிற நேரத்துக் குரல். "சகேயாசி. இடது பாதத்துல புண்ணு. காட்ட மாட்டான். சிரிச்சு மழுப்புவான். பூட்ஸைக் கழட்டிப் பாரு."

அபிசாய்க்கு உடம்பெல்லாம் மயிர் எழுந்தது. அதைவிடப் பயங்கரம், பழக்க தோஷத்தில் அவர் தலையை ஆட்டியது.

எந்த நர்சுக்கும் தெரிந்த சடங்கு அது. வேலை முடித்துப் போகிறவர் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வருவார். வந்தவர் கடைசியில் "எடுத்துக்கிட்டேன்" என்பார். அந்த ஒரு வார்த்தை விழாமல் போகிறவர் போக முடியாது.

மறுநாள் காலை சகேயாசி தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தார்.

"பூட்ஸைக் கழட்டுங்க மச்சான்."

"தலை மேல இருக்குது மச்சான். உங்க ஊர்ல கீழேயா இருக்கும்?"

"கழட்டுங்க."

கழற்றியதும் அறை நாறியது. சர்க்கரை நோய்க்காரரின் கால். பவளம் குத்திய இடம் உள்ளங்கையளவுக்குக் கறுத்திருந்தது. சகேயாசி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர்த் தலைவரும் அப்படி வெட்கப்பட்டு அபிசாய் பார்த்ததில்லை.

"யாரு சொன்னா உனக்கு?"

அபிசாய் நாற்காலிப் பக்கம் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார். "தினமும் கட்டு மாத்தணும் மச்சான். ஒரு நாள் விட்டாக் கால் போயிடும். என்னோட... படகுல பெரியாஸ்பத்திரிக்கு வந்துடுங்களேன்."

"அங்க போன காலு ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? அறுத்துப் புதைச்சுட்டு ஆளை மட்டும் அனுப்பறான். வேணாம்பா." சகேயாசியின் முகத்தில் சிரிப்பு திரும்பியது. "நீதான் இருக்கியே. துரத்தினாலும் போகாத ஆளு!"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "மச்சான், இந்த வேலைக்கு நான் வந்தது..."

"பரலோகத்துல உனக்குப் பெரிய வீடு இருக்கு மச்சான். குளிக்கத் தெரியாட்டியும் உள்ள விடுவாங்க."

அபிசாயும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சீழைத் துடைத்தார். கை மட்டும் முப்பது வருஷத்து வேலையை ஒழுங்காகச் செய்தது. சிரிக்கிற தன் வாயையே அறைய வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

அப்படியே நாட்கள் போயின. நிலையத்து வாசலில் தினமும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன் வந்து நின்றது. யாரோ புதுப் பாய் முடைந்து கொண்டுவந்தார்கள். புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை எட்டிப் பார்த்தது. பொழுது சாயும்போதெல்லாம் முதல் கட்டிலருகே ரப்பர் காலணி நின்றது, "எடுத்துக்கிட்டியா?" என்றது. அபிசாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசாமலிருந்தார்.

படகு வருகிற நாளுக்கு முந்தின நாள், பெட்டியைக் கட்டிவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. விடிந்ததும் நழுவிவிடுவதாகத் திட்டம். அந்தத் தொப்பையோடு நழுவுவது எப்படி என்பது வேறு விஷயம்.

சாயங்கால வெளிச்சம் பலகை இடுக்குகளில் செத்துக்கொண்டிருந்தது. கிருமிநாசினி வாடை மூக்கை அறுத்தது.

"முதல் கட்டில். கட்டு சுத்தமா இருக்கு. நல்ல கை."

அபிசாய் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டாவது, காலி. மூணாவது, காலி."

காலடி அங்கே நிற்கவில்லை. மூன்றாவது கட்டிலுக்கு அப்பால் சுவர்தான். ஆனால் ரப்பர் காலணி நடந்துகொண்டே வந்தது.

"நாலாவது கட்டில்."

அவருக்கு முன்னால் நின்றது.

"அபிசாய். ஆண். கரையிறங்கையில கடல்ல விழுந்தவன். முழங்கால்ல சிராய்ப்பு, ஆறிடுச்சு. வெக்கம், ஆறலை."

அபிசாய் முழங்காலைக் கையால் மூடிக்கொண்டார்.

"எடுத்துக்கிட்டியா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கேலி எதுவும் வரவில்லை.

"முடியாது சிஸ்டர்" என்றார். குரல் குழந்தைக் குரலாக இருந்தது. "நான் இருக்க வரலை. நாளைக்குப் போறேன். அவங்க அழுதப்பவே சொல்லியிருக்கணும். சொல்லலை. மரவள்ளி நட்டுட்டாங்க. தலைவரு காலைப் பார்த்தேன், அப்பவும் சொல்லலை."

மழை இல்லை. காற்று இல்லை. கஞ்சித் துணி மட்டும் மெல்ல உரசியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் கர்த்தர், பரலோகம்னு மழுப்பறாங்க. நீங்க மழுப்பாதீங்க. இன்னொரு தடவை முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னா, இந்த வேலைக்கு வருவீங்களா?"

துணியின் உரசலும் நின்றது. போய்விட்டாள் என்று நினைத்தார்.

அப்போது அவருடைய இடது மணிக்கட்டின் மேல் மூன்று விரல்கள் வந்து அமர்ந்தன. ஈரமான, பனிக்கட்டி போன்ற விரல்கள். நாடி துடிக்கிற இடத்தைத் தேடாமலே கண்டுகொண்டன.

"வரமாட்டேன்" என்றது குரல், காதோரமாக. "இப்ப அசையாதே. எண்ணிட்டிருக்கேன்."