செய்தித்தாள் ஒட்டிய ஜன்னல்

மூன்றாவது பெட்டியைத் தட்டினாள் பூங்கொடி. பதில் ஜன்னலிலிருந்து வந்தது.

மார்கழிப் பனியில் தேன்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க முடியாது. உள்ளே ஒன்றையொன்று கட்டிக்கொண்டு சூடு காக்கும் ஈக்கள் விறைத்துப்போகும். அதனால் பலகையில் காதை வைத்து விரல்முட்டியால் ஒரு தட்டு. நலமாக இருக்கும் கூட்டம் ‘உஸ்ஸ்’ என்று ஒரே மூச்சாகச் சீறிவிட்டுச் சட்டென்று அடங்கும். முதல் பெட்டி அப்படித்தான் சொன்னது. இரண்டாவதும் சொன்னது. மூன்றாவது போன வாரமே காலி. உண்ணி பிடித்து இளைத்த கூட்டம். செத்த ஈ ஒன்றுகூட அடியில் கிடக்கவில்லை. எங்கே போயினவோ. பழக்கத்தில் அதையும் தட்டிவிட்டாள்.

அவள் முகத்துக்கு நேரே படுக்கையறை ஜன்னல். கணவன் பூபதிக்குக் கம்பெனியில் நைட் ஷிப்ட். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பகலெல்லாம் தூங்க வேண்டுமே என்று, உடைந்த கண்ணாடிக்குப் பதில் மைதாப் பசை தடவிச் செய்தித்தாளை ஒட்டியிருந்தான். அறையின் வெதுவெதுப்பு கொஞ்சம் கசியட்டும் என்று, நடுங்கிக்கொண்டிருந்த அந்த நோஞ்சான் பெட்டியைக் கார்த்திகையில் அவள்தான் ஜன்னலோடு அணைத்து வைத்தாள்.

இப்போது தாளின் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக ஓட்டை. பெட்டி மூடியின்மேல் மாவு மாவாக உதிர்ந்த காகிதம்.

அந்த மாவை அவளுக்குத் தெரியும். இளைத்த இரண்டு கூட்டங்களை ஒன்றாக்க, நடுவே ஒரு செய்தித்தாளை வைப்பாள். இரண்டு பக்கத்து ஈக்களும் கடித்துக் கடித்துத் துப்பும். தாள் தீர்வதற்குள் வாசனை கலந்து, இரண்டும் ஒரே கூட்டமாகிவிடும். ஒன்றே ஒன்றுதான் கூடாது: உண்ணி பிடித்ததை எதனோடும் சேர்க்கக் கூடாது.

“இன்னா கொடி, உன் வீட்டுக்காரரு தூங்குறாரா, மாவு மில்லு ஓட்டுறாரா?” பக்கத்துப் போர்ஷன் மெஹ்னாஸ் துணி காயப்போட வந்திருந்தாள். “சுவரே அதிருதுடி. எங்க ஊட்டு அலமாரியில டம்ளரெல்லாம் ஆடுது.”

“அவரு குறட்டையே விடமாட்டாருக்கா.”

“ஆமா, எல்லாப் பொண்டாட்டியும் அப்படித்தான் சொல்வாளுங்க.”

மெஹ்னாஸ் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பூங்கொடி அசையாமல் நின்றாள். தோள்பட்டைகளுக்கு நடுவே நாலு நாளாக ஒரு பாரம். பெட்டி தூக்கிய வலியென்று தைலம் தேய்த்திருந்தாள். பனிக்குள்ளிருந்து ரோஜாத் தோட்டத்து மருந்து வாடை வந்தது. அதன் அடியில் இன்னொரு வாடை. புளித்த தேன். வெதுவெதுப்பான மெழுகு.

போன வாரம் பூபதி சொன்னான்: “பொட்டியெல்லாம் வித்துட்டு போச்சம்பள்ளிப் பக்கம் போயிரலாம் கொடி. டம்ளரு கையில நிக்க மாட்டேங்குது. எதுவோ உறிஞ்சுற மாதிரியே கீது.”

“பொட்டியையும் விடமாட்டேன், உங்களையும் விடமாட்டேன்” என்றாள் அவள். “பேசாம தூங்குங்க.”

நேற்றுக் காலை வந்து படுத்தவன் இன்னும் எழவில்லை. கதவுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டால், “லீவு போட்டுருக்கேன், விடு” என்றான். நேற்று மாலைக்குப் பிறகு அதுவும் இல்லை. தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமென்று ராத்திரி அவள் அடுப்படியிலேயே படுத்துக்கொண்டாள்.

விரிப்பு. அவனுடைய வெள்ளை விரிப்பில் தினமும் செம்பழுப்பாக மணிமணியாகக் கிடந்தது. களிக்கு வைத்த கேழ்வரகு சிந்தியிருக்கிறது என்று முறத்தில் கூட்டிப் போட்டாள். முந்தாநாள் ஒரு கேழ்வரகு நகர்ந்தது. கண்மயக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுப்படிக்குப் போனாள். இரண்டு பெட்டிகளுக்கென்று சர்க்கரைப்பாகில் கரைத்து வைத்த அமிலம் தயாராக இருந்தது. கையுறை போட்டாள். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை இழுத்தாள். இது குளிர்காலத்து மருந்து. சொட்டுச் சொட்டாக விட வேண்டும், கூடினால் சின்னக் கூட்டம் தாங்காது. ஈக்களின்மேல் இருக்கும் உண்ணியைத்தான் கொல்லும். மெழுகு மூடிய குஞ்சு அறைக்குள் ஒளிந்திருப்பதைத் தொடாது.

மூடிய அறையைத் திறந்தாக வேண்டும்.

படுக்கையறைக் கதவை விரல்முட்டியால் தட்டினாள்.

“ஏங்க.”

உஸ்ஸ்.

அடங்கியது.

மெஹ்னாஸைக் கூப்பிடலாம். கெலமங்கலம் ரோட்டுக்கு ஓடி, வருகிற முதல் வண்டியை மறிக்கலாம். யாரிடம் என்ன சொல்வது? கேட்டவர்கள் சிரிப்பார்கள், அதற்குள் உள்ளே இருப்பது அவனைத் தின்று முடித்திருக்கும். கைப்பிடியளவு மிஞ்சின கூட்டங்களை இந்தக் கை எத்தனை முறை பிழைக்க வைத்திருக்கிறது. பயம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

தாழ்ப்பாள் போடவில்லை. ஆனால் கதவு திறக்கவில்லை. இடுக்கெல்லாம் மெழுகு. பெட்டிச் சட்டங்களை நெம்பும் கம்பியால் கீறினாள். தள்ளினாள். பிசுக்கென்று விட்டது.

இருட்டு. சூடு. ஜன்னல் தாளின் ஓட்டைகளில் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம். கட்டிலில் பூபதி குப்புறப் படுத்திருந்தான். கழுத்துவரை பழுப்புப் போர்வை.

போர்வையைத் தொட்டாள்.

போர்வை விலகியது. ஈ ஈயாக. கொட்டவில்லை. குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் ஈக்கள் கொட்டாது.

அவன் முதுகில், நடுவில், உள்ளங்கை அகலத்தில் ஓர் உண்ணி. தட்டையாக. செம்பழுப்பாக. பளபளப்பாக. மூச்சு விட்டது.

“எங்கூட்டுக்காரருடா அது” என்றாள்.

ஒரு சொட்டு. இறுக்கிப் பிடித்தது. இன்னொரு சொட்டு. இன்னொன்று. ஓரத்தில் கால்கள் தெரிந்தன. பிடி தளர்ந்தது. வெள்ளை விரிப்பில் மல்லாந்து விழுந்தது.

“செத்துத் தொல.”

பூபதி முகத்தைத் திருப்பினான். உலர்ந்த உதடு. கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தன.

“கொடி… அசையாத.”

அவள் முதுகின் நாலு நாள் பாரம் மெல்ல இடம் மாறி உட்கார்ந்தது.

கட்டிலில் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ரவிக்கையைத் தோளிலிருந்து இறக்கினாள். சிரிஞ்சைப் பின்னால் நீட்டினாள்.

“ஊத்துங்க. நடுவுல. சொட்டுச் சொட்டா.”

சிரிஞ்ச் தரையில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தாள். அவன் கை இருக்க வேண்டிய இடத்தில், ஈரமாக, கண்ணாடிபோல், கசங்கிச் சுருண்ட ஒன்று. உண்ணி தின்ற ஈக்கு முளைக்குமே, பறக்க உதவாத இறக்கை. அது.

குனிந்து சிரிஞ்சை எடுத்தாள். அந்தச் சுருக்கங்களுக்குள் செருகினாள். தன் கையால் மூடிப் பிடித்தாள்.

“ஊத்துங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் மெஹ்னாஸ் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். “சத்தம் தாங்கலடி கொடி!”

உஸ்ஸ்.

கட்டில் சீறியது. ஜன்னல் சீறியது. பூபதி சீறினான். அந்த ஒரே கூட்டத்தோடு பூங்கொடியின் தொண்டையும் சீறி அடங்கியது.

சிரிஞ்ச் மறுபடி விழுந்து உருண்டது. அவள் மறுபடி குனிந்து எடுத்தாள்.