கரையாத கைப்பிடி

மீன்தொட்டிக்கு உப்புத் தண்ணீர் கலக்கும் நீல டிரம்முக்குள் சின்ன மோட்டார் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தது. எப்போதும் இந்நேரத்துக்குத் தண்ணீர் தெளிந்து, டிரம்மின் அடியில் பதித்திருக்கும் எழுத்துகள்கூடத் தெரியும். இன்று தெரியவில்லை. அவற்றின் மேல் ஒரு கைப்பிடி உப்பு வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. மோட்டார் கிளப்பும் சுழலில் ஒரு மணிகூட நகரவில்லை. இறுக்கிப் பிடித்த விரல்களின் பள்ளங்கள் அதன்மேல் அப்படியே இருந்தன.

சுமலதாவின் விரல்கள்.

அவள் கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தாள். கல்லில் தட்டியதுபோல் 'ணங்' என்றது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய அந்த வாடகை வீட்டில், மழை பெய்தால் மண் வாசனை வராது. இரும்பு வாசனைதான் வரும். கூரைகளில் படிந்த தூசியெல்லாம் துருச் சிவப்பாக வழிந்து வாசலில் முழங்கால் அளவு நிற்கும். காலையில் அவளைத் தெருவில் இறங்கவிடாமல் நிறுத்தியதும் அந்தத் தண்ணீர்தான்.

காலையில் மகள் தன்ஷிகா அனலாய்க் கொதித்தாள். ஐந்து வயசுக் குழந்தை. டாக்டர் கொடுத்த மருந்தைக் குடித்த சூட்டோடு கக்கிவிட்டு, "அம்மா, அம்மா" என்று முனகியபடி முந்தானையை விடாமல் பற்றிக்கொண்டு கிடந்தாள். இரும்பு கேட்டில் நசுங்கியதிலிருந்து கொக்கிபோல் வளைந்துபோன வலது சுண்டுவிரல், சேலை நூலில் மாட்டி மாட்டி இழுத்தது.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஈஸ்வரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "கண்ணு பட்டுக்கிதுடி. பொறந்தநாளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிக்கினு தெருவையே ஒரு ரவுண்டு வந்துச்சே, அப்பவே நெனச்சேன். உப்பு சுத்திப் போடு. தண்ணில கரைச்சு முச்சந்தில ஊத்திடு. ஊட்டுல மட்டும் வெச்சிக்காத, இன்னா?"

கல் உப்பு ஜாடி காலி. ஆனால் மூலையில், கணவன் குணா தன் மீன்தொட்டிக்காக வைத்திருந்த கடல் உப்பு வாளி இருந்தது. ஒரு கை அள்ளினாள். மகளின் தலையிலிருந்து கால்வரை சுற்றினாள். "என் பொண்ணுகிட்ட இருக்கறதெல்லாம் இதுல வந்து சேரட்டும்."

அப்போதுதான் குழந்தையின் கண்கள் செருகின. தூக்க வேண்டும், கையில் உப்பு, வாசலில் வெள்ளம். பக்கத்தில் டிரம். அதுவும் உப்புத் தண்ணீர்தானே என்று கையை அதற்குள் உதறிவிட்டாள்.

மறு நிமிடம் உடம்பு குளிர்ந்தது. குழந்தை எழுந்து உட்கார்ந்தது.

மழையில் நனைந்து வந்த குணாவிடம் இதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் சிரிப்பான். மகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு அவன் நேராக டிரம்மிடம்தான் போனான்.

"பக்கத்துலயே பழவேற்காட்டுல கடல் கெடக்குது. என் புருஷன் ஊட்டுல கடல் கலக்கிக்கினு இருக்கான்" என்றாள், பயத்தை மறைக்க.

"அந்தக் கடல்ல ஊரு அழுக்கெல்லாம் கலக்குதுடி. இதுல நாம போட்டது மட்டுந்தான் இருக்கும்." குனிந்து பார்த்தான். "இன்னாது, ஒரு கை கரையாம நிக்கிது?"

டிரம் தண்ணீரில் பாதியை, அந்தக் கட்டியோடு சேர்த்து மொண்டு மீன்தொட்டியில் ஊற்றினான்.

தொட்டியில் விழுந்ததும் அந்தக் கட்டி நொடியில் கரைந்தது. நீண்ட நேரம் அடக்கிய மூச்சை யாரோ விட்ட மாதிரி குமிழ்கள் வந்தன. ஆரஞ்சு மீன்கள் மேல் மூலைக்கு ஓடி ஒண்டிக்கொண்டன.

பிறகு மீன்கள் கீழே இறங்கவே இல்லை.

அடுத்த இரண்டு நாளும் தன்ஷிகா அடம் பிடிக்கவில்லை. அழவில்லை. கொடுத்ததைத் தின்றுவிட்டு, ஈரத் துணி காயும் வாசனையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தலையணையில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. முத்தமிட்டால் உதடு கரித்தது. ஒரு தடவைகூட 'அம்மா' என்று கூப்பிடவில்லை.

"ஜுரம் அடிச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றான் குணா. மூன்றாம் நாள் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தது. வெறும் தண்ணீரை ஊற்றினான்.

"உப்பு போடலியா?"

"ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான் லதா. உப்பு எங்கயும் போவாது. நாமளா மொண்டு கொட்டினாத்தான் உண்டு."

அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். முச்சந்திக்குப் போயிருக்க வேண்டியது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மகளை விட்டு இறங்கியது, திரும்ப மகள்மேல் ஏறிக்கொண்டிருக்கிறது.

குணா மாலை ஷிப்டுக்குக் கிளம்பினான். விளக்கு வைக்கிற நேரத்தில் மழை வலுத்து, கரண்ட் போனது. தொட்டி மோட்டாரின் முனகல் அடங்கிய அமைதியில், அந்தச் சத்தம் கேட்டது.

தட். தட்.

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து.

சுமலதா மீன்களை வலையில் அள்ளி டிரம்முக்கு மாற்றினாள். வாளியை எடுத்தாள். மொண்டாள். தெருமுனைக்குச் சுமந்தாள். கண்டெய்னர் லாரிகளின் வெளிச்சம் மழையைக் கிழித்துக்கொண்டு போக, மூன்று சாலை கூடும் இடத்தில் கொட்டினாள். திரும்ப ஓடினாள்.

தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்கத் தட்டல் வேகமாயிற்று. இன்னும் கீழே. இன்னும் வேகமாக.

"போ. என் பொண்ண உட்டுட்டுப் போ!" அழுதுகொண்டே மொண்டாள். இடுப்பு ஒடிந்தது. சுவரோரம் இருட்டில் மகள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வாளி. முச்சந்தி. கவிழ்த்தாள்.

அந்தத் தண்ணீர் ஓடவில்லை. சிவப்பு வெள்ளத்தோடு கலக்காமல், அவள் காலைச் சுற்றி நின்றது. முந்தானையை ஏதோ பிடித்தது. சின்னப் பிடி. நூலில் மாட்டியதுபோல ஓர் இழுப்பு.

அவள் அலறிக்கொண்டு உதறினாள். மறுபடி பிடித்தது. மறுபடி உதறினாள். லாரி ஒன்று சேற்றை வாரியடித்துக்கொண்டு போயிற்று. பிறகு எதுவும் பிடிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கரண்ட் வந்தது.

தொட்டி காலி. ஈரக் கண்ணாடியின் உட்புறம் காயக் காய, உப்பு பூத்து வந்தது. ஒரு வெள்ளைத் தடம். பக்கத்தில் இன்னொன்று.

உள்ளங்கைகள்.

சின்ன உள்ளங்கைகள். மேலே இடைவெளி விட்டு. கீழே வரவர நெருக்கமாக. அடியில் ஒன்றின்மேல் ஒன்று. வலது கைத் தடம் ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் கொக்கிபோல் வளைந்திருந்தது.

சுமலதாவின் கையிலிருந்து வாளி விழுந்தது. முச்சந்திக்கு ஓட வேண்டும். அங்கே கொட்டியது இந்நேரம் சிவப்பு வெள்ளத்தோடு போயிருக்கும். கண்ணீர் கொட்டியது.

"அம்மா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டது.

ஜுரம் விட்ட பிறகு முதல் தடவையாக.

அவள் மெல்லத் திரும்பினாள். குழந்தை வலது கையை நீட்டி அவள் கன்னத்துக் கண்ணீரை வழித்து எடுத்தது. அந்தக் கையின் விரல்கள் ஐந்தும் நேராக இருந்தன.

விரலை வாயில் வைத்துச் சப்பியது.

"இன்னும் அழு" என்றது.