கண்ணாடி பாட்டில்

மத்தியானம் கரண்ட் போய் மின்விசிறி நின்ற பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ பாலித்தீன் பையை மெதுவாகக் கசக்கிக் கசக்கி விடுவதுபோல, சரசரவென்று, நின்று நின்று.

எலி என்றுதான் இளவரசு நினைத்தான். பல்லிக்கே வழிவிட்டு ஒதுங்கும் வீரன் அவன். ஆனாலும் எட்டு மாதக் கர்ப்பிணி மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அரிசி டப்பாவுக்குப் பின்னால், பரணில், சிலிண்டர் இடுக்கில் எல்லாம் தேடினான். எலியும் இல்லை, பையும் இல்லை. புது மழைக்கோட்டைப் பிரித்தால் வருமே, அந்தத் தித்திப்பான, தலையைக் கிறுகிறுக்க வைக்கும் வாசனை மட்டும் தண்ணீர்க் குடத்துக்கு மேல் தேங்கி நின்றது.

"பவானி, ஒனக்கு எதாவது நாத்தம் தெரியுதா?"

"ஒங்க சட்டைய தொவச்சி நாலு நாளாவுது," என்றாள் அவள் கட்டிலில் சாய்ந்தபடியே. "தண்ணி கொஞ்சம் மொண்டு குடுங்க."

கொடுத்தான். அவன் சொல்லித்தான் ஒரு வருஷமாக ஊர் ஏரித் தண்ணீரைக் குடிக்கிறாள்.

சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஏரித் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. மழைக்கோட்டு மாதிரிப் பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்க வைக்கும் ரசாயனம் அதில் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். போன வருஷம் காலியாக வாங்கி வரும்போதே புவனகிரி பஸ்ஸில் அது உடைந்துபோக, நம் மேதை பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டு, அதே பிளாஸ்டிக்கில் ஏரியைப் பிடித்துக்கொண்டு போனான். ரசாயனம் எக்கச்சக்கம் என்று வந்தது. 'அது பாட்டில்லேந்து எறங்குனது' என்று ஆய்வுக்கூடத்து மேடம் திட்டி, அந்த முடிவை அடித்துப் போட்டார். 'ஏரி சுத்தம், நம்ம பாட்டில்தான் கோளாறு' என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் இவன். பவானியிடமும்.

இந்த வருஷத்துத் தண்ணீரைப் போன வாரம்தான் கண்ணாடியில் பிடித்துக் கொடுத்திருந்தான்.

செல்போன் அடித்தது. மேடம்.

"இளவரசு, இந்தத் தடவ கண்ணாடி பாட்டில்தானே?"

"சத்தியமா மேடம். பிளாஸ்டிக் மூடி தண்ணில படாம அலுமினியத் தாளுகூட வச்சேன்."

மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷத்த விட ஜாஸ்தி வருது. ஒங்க ஊர்ல யாரும் அத குடிக்கலயே?"

சரசர.

போனைக் கீழே வைத்தான். பரண் இல்லை. அடுக்களை இல்லை. சத்தம் கட்டில் பக்கம்.

பவானியின் கையில் காலி டம்ளர்.

"ஏங்க, இங்க வாங்களேன். புள்ள இன்னிக்கி என்னா துள்ளு துள்ளுது! காத வச்சி கேளுங்க."

கட்டிலருகே போனான். மண்டியிட்டான். அவள் சிரித்துக்கொண்டே அவன் தலையை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

புது மழைக்கோட்டு வாசனை.

"கேக்குதா?" என்றாள் ஆசையாக.

உள்ளே, அவன் காதுக்கு நேராக, பை கசங்கியது. மெதுவாக. நின்றது.

மறுபடியும் கசங்கியது.